சம்பந்தியோடு தாண்டிய கோலங்கள்

என் சம்பந்தி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் வீடு. அவருடைய மகனுக்கு என் மகளைக் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. அந்த நான்கு வருடமும் காலை ஏழு மணிக்கு என் கைப்பேசி தவறாமல் அடித்தது.

"சம்பந்தி, உங்க பேப்பர்ல அஞ்சாம் பக்கம் பாருங்க. காயம் பன்னிரண்டு பேர்னு தலைப்பு. உள்ள பேரை எண்ணினா பதினொண்ணுதான் வருது. மிச்சம் ஒருத்தர் எங்க போனார்?"

நான் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பிழை திருத்தவும் தலைப்பு வைக்கவும் செய்தவன். ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. தென்னூரில் என் வீட்டு நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருக்கும் நான்தான் அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்கும் பொறுப்பு.

போன ஆவணிக் கடைசியில் அந்த அழைப்பு நின்றது. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் என் மனைவி, அவர்களுக்கு நம்மேல் ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்டாள். ஆறாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் ஏறிக் காவிரியைத் தாண்டினோம்.

மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எழுத்தெல்லாம் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்ததும் வரும் ஆவிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிகிறதாம். பேப்பர் மடிப்புக் கலையாமல் ஸ்டூலில் கிடந்தது. அறுவை சிகிச்சை செய்துவிடலாம், ஆனால் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று கண் டாக்டர் நிறுத்திவைத்திருந்தார். மூன்று மாதச் சராசரி எட்டுக்குக் கீழே வர வேண்டும். அப்போது பத்தைத் தாண்டி இருந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார்கள், தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை.

"புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்கு நடக்கணும்?" என்றார் என்னிடம். "இடப்பெயர்ச்சி பூஜ்யம். பள்ளிக்கூடப் பிள்ளைகிட்ட கேட்டாலும் சொல்லும்."

 இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் எழுந்து உள்ளே போனாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். எந்தச் சிக்கலுக்கும் ஒரு அட்டவணை போட்டுவிடுவாள். வெளியே வரும்போது அவள் கையில் எவர்சில்வர் கூஜா ஒன்று இருந்தது. அவள் கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த சீர்ப் பாத்திரங்களில் ஒன்று. யாரும் தொட்டதில்லை, கடை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

அதுதான் கோப்பை என்றாள். இரண்டு அப்பாக்களின் கைப்பேசியிலும் தப்படி எண்ணும் வசதியை ஏற்றிவிட்டாள். ஞாயிறு முதல் சனி வரை யார் அதிகம் நடக்கிறாரோ அவர் வீட்டில் அடுத்த வாரம் கூஜா இருக்கும். சம்பந்தி, விளையாட்டென்றால் சரி, நடையென்றால்தான் ஆட்சேபம் என்றார்.

முதல் வாரம் நான் ஜெயித்தேன். பெரிய வித்தியாசம். தென்னூரிலிருந்து உறையூர் வரை போய்த் திரும்பி, மலைக்கோட்டையைச் சுற்றி, எனக்கே தெரியாமல் ஒரு வெறி பிடித்திருந்தது. ஞாயிறு மதியம் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தீர்த்தமா என்று கேட்டார். கோப்பை என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வாசலிலேயே மனைவி மறித்தாள்.

"ஏங்க, பொண்ணுக்குக் கொடுத்த சீரைத் திருப்பி வாங்கிட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு ஏதாவது இருக்கா? அவங்க என்ன நினைப்பாங்க? நாம பொண்ணு வீடு. சம்பந்தியைத் தோக்கடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க."

கூஜா அந்த வாரம் முழுவதும் வீட்டுக்குள் வரவில்லை. செருப்பு அலமாரிக்கு மேல், வெளியே இருந்தது. நான் தோற்பது என்று முடிவாயிற்று. நடை எனக்குப் பிடித்துப் போயிருந்ததால் அதை விடவில்லை. கைப்பேசியைக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்துவிட்டு நடந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் அதே வாரம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. சம்பந்தியம்மாள் அவரிடம், பெண் வீட்டார் ஆசையாக ஜெயித்ததைப் பிடுங்கினால் நன்றாகவா இருக்கும், அந்தப் பெண் மனது என்ன பாடுபடும் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே அவரும் தோற்பது என்று முடிவு செய்திருக்கிறார். நானாவது கைப்பேசியைத்தான் வீட்டில் விட்டேன். அவர் காலையே வீட்டில் விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை அவர் எண்ணூறு, நான் எழுநூறு. புதன்கிழமை அவர் நானூற்றுப் பன்னிரண்டு, நான் முந்நூற்றுத் தொண்ணூறு. வெள்ளிக்கிழமை இருவருமே இருநூறுக்குக் கீழே போய் மரியாதையாகப் போட்டி போட்டோம். சனிக்கிழமை என் மகள் இரண்டு வீட்டையும் ஒரே வீடியோ அழைப்பில் உட்கார வைத்தாள்.

"மாமா, பாத்ரூம் போயிட்டு வந்தாலே நூறு ஆகும். நேத்து முழுக்க நூத்திப் பத்துன்னு காட்டுது. அப்பா, நீங்க நாப்பத்தியாறு. ரெண்டு பேரும் கட்டில்லயே கிடந்தீங்களா?"

உண்மை வெளிவர ஐந்து நிமிடம் ஆயிற்று. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அணியை மாற்றினாள். இனி பெண் வீடும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. சம்பந்திகள் இருவரும் ஓர் அணி, சம்பந்தியம்மாக்கள் இருவரும் எதிரணி.

மரியாதை அந்த நிமிடமே காற்றில் போயிற்று. சம்பந்தியைத் தோற்கடித்தேன் என்று என்னை வாசலில் நிறுத்திய என் மனைவி, அதே சம்பந்தியைத் தோற்கடிக்க அடுத்த நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து மொட்டை மாடியில் நடந்தாள்.

ஆண்கள் அணியின் பலவீனம் கண். சம்பந்திக்கு வீதியில் தனியாக நடக்கப் பயம். அதனால் நான் ஐப்பசி முதல் தேதியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் போய், அவரைக் கூட்டிக்கொண்டு சித்திரை வீதி நான்கையும் சுற்றிவரத் தொடங்கினேன். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மறுபடி வீடு. முதல் நாள் கீழச் சித்திரை வீதித் திருப்பத்திலேயே அவர் நின்றுவிட்டார். கால் வலி இல்லை, சலிப்பு. பூஜ்யம், பூஜ்யம் என்று முனகிக்கொண்டே வந்தவர், "போதும், திரும்பலாம்" என்றார்.

அப்போது ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் கோலத்தை முடித்து நிமிர்ந்தார். சம்பந்தியின் கால் நேராக அதன் மேல் போகப் பார்த்தது. நான், "சம்பந்தி, கோலம், வலது பக்கம் தாண்டுங்க" என்றேன். அவர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குத்துமதிப்பாக ஒரு தாவு தாவினார். கால் படவில்லை. அந்த அம்மாள் சிரித்தார். சம்பந்தியும் சிரித்தார். அடுத்தது எங்கே என்று கேட்டார்.

அப்படித்தான் அந்த விளையாட்டு பிறந்தது. விதிகளை அவர் வகுத்தார். கோலத்தை மிதித்தால் அணிக் கணக்கில் நூறு தப்படி கழிவு. சுற்றிப் போனால் கழிவும் இல்லை, பெருமையும் இல்லை. தாண்டினால்தான் தாண்டியதாகும். நான் கண், அவர் கால். தூரம், அகலம், திசை மூன்றையும் நான் மூன்று தப்படிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாமதமாகச் சொன்னால் கழிவு என் பேரில்.

"இடது, சின்னது, ஒரு தப்படி." தாவல். "நேரே, நீட்டு, ரெண்டரை. ஓரமா சைக்கிள்." தாவல். காலை ஐந்தே முக்காலுக்கு, அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் நடுவீதியில் கோணல்மாணலாகத் துள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த பால்காரர், முதல் வாரம் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். இரண்டாம் வாரம், காலையிலேயேவா என்று கேட்டார். மூன்றாம் வாரம் அவரே முன்னால் போய், "சார், அடுத்த வீட்ல பெருசு" என்று தகவல் சொல்ல ஆரம்பித்தார்.

தாண்டினால் மட்டும் சம்பந்திக்குப் போதவில்லை. எத்தனை புள்ளி என்று கேட்பார். பதினைந்து புள்ளி, இடுக்கு, எட்டு வரை என்பேன். நான்கு வீடு தள்ளிப் போவதற்குள் மொத்தம் நூற்று அறுபத்தொன்பது என்பார். சரிதானா என்று பார்க்க நான் வீட்டில் தாளில் எண்ணியிருக்கிறேன். சரிதான்.

எதிரணி சும்மா இருக்கவில்லை. கார்த்திகையில் அவர்கள் கணக்கு திடீரென்று எகிறியது. பொறுமையாக அட்டவணையைப் பார்த்தேன். எல்லாத் தப்படியும் பிற்பகல் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில், ஒரே சீராக, கடிகாரம் போல விழுந்திருந்தன. மனிதர்கள் அப்படி நடப்பதில்லை. அன்று மனைவி உறையூர் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பியதும், நான் வேறு பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன்.

கூடத்து ஊஞ்சலில் இரண்டு சம்பந்தியம்மாக்களும் சாய்ந்து உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஊஞ்சல் சங்கிலியில் இரண்டு கைப்பேசிகள் கைக்குட்டையால் கட்டப்பட்டு, எங்களைவிட வேகமாக நடந்துகொண்டிருந்தன. என் மனைவி கொஞ்சமும் அசரவில்லை.

"காலால உந்துறோம்ல, அது யாரு கணக்கு?" என்றாள்.

நடுவரான என் மகள் ஊஞ்சல் தப்படிகளை ரத்து செய்தாள். மொச்சைக் குழம்பு எனக்கும் கிடைத்தது. பக்கத்து அறையில் சம்பந்தி இதையெல்லாம் கேட்டு, கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊஞ்சலைக் கண்டுபிடித்தவன் என்ற பெருமையோடு வீடு திரும்பிய நான், அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே அதைவிடப் பெரிய திருட்டு செய்துகொண்டிருந்தேன்.

மேலச் சித்திரை வீதியில் ஒரு நீளமான பகுதியில் கோலம் குறைவு. கடைக் கதவுகள், ஒரு கிடங்குச் சுவர், வெகு நாளாகப் பூட்டிய ஒரு வீடு. அங்கே வந்ததும் சம்பந்திக்குச் சலிப்புத் தட்டும். நடை தளரும். ஒரு நாள் அங்கேயே நின்று, ஆட்டோவில் போய்விடலாமா என்று கேட்டார். அந்தப் பூட்டிய வீட்டைப் பார்த்தேன். வாசற்படியில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. என் வாய் தானாகச் சொன்னது:

"சம்பந்தி, முன்னாடி ஒரு தேர்க் கோலம். இவ்வளவு பெருசு இந்த வீதியிலேயே பார்த்ததில்ல. மூணு தப்படி."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். முழு மூச்சையும் பிடித்து, ஒன்றுமில்லாத சிமெண்ட் தரையின் மேல் பறந்தார். இறங்கியதும் கால் பட்டதா என்று கேட்டார். மயிரிழையில் தப்பியது என்றேன். அந்த உற்சாகத்தில் வீடு வரை நடந்தார்.

முப்பத்தொரு ஆண்டில் நான் உறுதி செய்யாத ஒரு வரியைக்கூட அச்சுக்கு விட்டதில்லை. இப்போது தினமும் எட்டு ஒன்பது பொய்க் கோலங்களை வெளியிட்டுக்கொண்டிருந்தேன். கிடங்குச் சுவருக்குத் தாமரை. மூடிய கடைக்குச் சிக்குக் கோலம். பூட்டிய வீட்டுக்குத் தேர், சில நாள் மயில். ஒரே கோலம் தினமும் வந்தால் சந்தேகம் வரும் என்று, பஸ்ஸில் போகும்போதே அன்றைய கோலங்களை மனத்தில் போட்டுக்கொள்வேன். ஒரு முறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். பதினான்கு புள்ளி, இடுக்கு, ஏழு வரை என்று சொல்லிவிட்டேன். அவர் தாவிய பிறகு நின்றார்.

"பதினாலுல ஆரம்பிச்சா ஆறு பக்கமும் சமமா வராதே."

புதிதாகக் குடிவந்தவர்கள் போல, பழக்கம் இல்லை என்றேன். பாவம் என்றார். அந்த இல்லாத குடித்தனத்துக்காக அவர் கொஞ்ச தூரம் வருத்தப்பட்டார்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு கோளாறு இருந்தது. அவர் தாவத் தாவச் சர்க்கரை இறங்கும். சர்க்கரை இறங்கினால் கண் வரும். கண் வந்த அன்று நான் அகப்படுவேன். பேப்பரில் காணாமல் போன பன்னிரண்டாவது ஆளை நான்கு வருடம் தேடிய மனிதர் அவர்.

மார்கழி வந்ததும் பொய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. வீதியே கோலமாகிவிட்டது. ஒரு வாசல் கோலம் அடுத்த வாசல் கோலத்தோடு ஒட்டி, காலை வைக்க இடமில்லை. சம்பந்தி ஒரே காலில் நொண்டியடித்தார். நான் பின்னால் நொண்டியடித்துக்கொண்டே வலது, இடது, பூசணிப்பூ, பூசணிப்பூ என்று கத்தினேன். கோலம் போடும் பெண்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி தன் கோலத்தின் நடுவில் கால் வைக்கும் அளவுக்கு ஒரு வட்டத்தை விட்டு, அது ஓய்வெடுக்க என்றாள். அவர் அதில் நின்று மூச்சு வாங்கி, நன்றி சொல்லி, அடுத்ததற்குத் தாவினார். ஏகாதசிக் கூட்டத்தில் வீதி நிரம்பிய நாட்களில் மட்டும் அடையவளஞ்சான் வீதிக்குத் தள்ளிப் போனோம். அதன் சுற்று இன்னும் பெரிது. அவர் ஒரு நாள்கூட பூஜ்யம் என்று சொல்லவில்லை.

தை பிறந்து ஐந்தாம் நாள் ரத்தம் கொடுத்தார். முடிவு வரும் மாலையில் இரண்டு வீட்டுக்காரர்களும் அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஊஞ்சலில் யாரும் ஆடவில்லை. என் மகள் கைப்பேசியைப் பார்த்து, "ஏழு புள்ளி ஆறு" என்றாள்.

சம்பந்தி எழுந்து போய் ஸ்டூலில் இருந்த அன்றைய பேப்பரை எடுத்து, விரிக்காமல், மடியில் வைத்துக்கொண்டார். சம்பந்தியம்மாள் சர்க்கரை போடாத பாயசம் கொண்டுவந்தார். பாயசம் என்று அதைச் சொல்வது சரியான செய்தி ஆகாது. எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தோம்.

வலது கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது, தூசியில் நடக்கக் கூடாது என்று மூன்று வாரம் போயிற்று. மாசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு என் கைப்பேசி அடித்தது.

"சம்பந்தி, உங்க பேப்பர்ல மூணாம் பக்கம். ஆறு அடி நீளப் பாம்பை மீட்டாங்கன்னு போட்டிருக்கு. படத்துல பிடிச்சிருக்கறவர் உயரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. நாலு அடி தாண்டாது."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அது வடிந்துவிட்டது.

"டாக்டர் நடக்கலாம்னுட்டார். நாளைக்கு வாங்க. வீதியைப் பார்க்கணும்."

போனேன். வடக்கில் எல்லாம் சரியாக இருந்தது. கிழக்கில், தேர் நிற்கும் இடத்தருகே, கோலங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். நூற்று அறுபத்தொன்பது என்று விரல் நீட்டி எண்ணி, தலையாட்டினார். தெற்கைத் தாண்டும்போதே என் நடை தளர்ந்தது. மேலச் சித்திரை வீதியில் திரும்பினோம். கிடங்குச் சுவர். மூடிய கடை. பூட்டிய வீட்டின் முன்னால் அவர் நின்றார். எருக்கஞ்செடி இப்போது பூத்திருந்தது.

"இங்கதானே தேர்க் கோலம்?"

"ஆமாங்க."

"மயிலும் இங்கதான்."

"ஆமாங்க."

பூட்டைத் தொட்டுப் பார்த்தார். துரு கையில் ஒட்டியது.

"தினமும் எத்தனை?"

எட்டு, ஒன்பது என்றேன். மார்கழியில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது ஒரு தணிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். நாட்களில் மழை நாளைக் கழித்தார் என்று நினைக்கிறேன்.

"நானூறுக்குப் பக்கத்துல வருது. அத்தனை வருஷம் பேப்பர்ல இருந்த மனுஷர். நானூறு."

"மன்னிச்சிடுங்க சம்பந்தி."

"மன்னிப்பு எதுக்கு? தப்பான சேதி போட்டா உங்க பேப்பர்ல என்ன செய்வீங்க?"

என்ன கேட்கிறார் என்று புரிந்தது. பால்காரரும் வண்டியை நிறுத்தி நின்றுகொண்டிருந்தார். நான் பூட்டிய வீட்டின் முன்னால் நேராக நின்று, முப்பத்தொரு ஆண்டுகள் மற்றவர் பிழைக்கு எழுதிய வாசகத்தைச் சொன்னேன்.

"மேலச் சித்திரை வீதியில் இவ்வீட்டு வாசலில் தேர்க் கோலம் இருந்ததாக வெளியான செய்தி தவறானது. தவறுக்கு வருந்துகிறோம்."

"மயில்?"

"மயிலும்."

அவர் முகம் அப்படியே இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அதுவும் தாங்காமல் பூட்டிய கதவில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அழுத்தமாகச் சிரிக்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நான் சொன்னது அதை இன்னும் மோசமாக்கியது. பால்காரர் எதற்கென்று தெரியாமலேயே சேர்ந்துகொண்டார்.

ஒருவழியாக நடந்தோம். நான்கு கடை தள்ளி, அவர் என் முழங்கையைத் தட்டினார்.

"சம்பந்தி, இடது பக்கம். தாமரை. ரெண்டு தப்படி. பார்த்து."

பார்த்தேன். தண்ணீர் தெளித்த வெறும் தரை. அவர் காத்திருந்தார். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன்.

"கால் படலையே?" என்றார்.

"படலைங்க."